அம்மாவுக்குக் கீழே ஃப்ளாரி

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு வீட்டுக்கு எப்படி வருவது என்றே தெரியவில்லை. முன்பெல்லாம் ஒருவன் காரியமாக வந்தால் முதலில் நாயைத் தட்டிக்கொடுப்பான். மழையைத் திட்டுவான். சினைமாடு கன்று போட்டதா என்று கேட்பான். கணப்போரம் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பான். பிறகு கிளம்புகிறவன் போல எழுந்து, கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் வந்த காரியத்தை வாயிலிருந்து எடுப்பான். கேட்கிறவனுக்கும் இல்லை என்று சொல்ல வசதியாக இருக்கும், அவன் ஏற்கெனவே பாதி வெளியே நிற்பதால். இப்போது காரை முற்றத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, கோழிகள் சிதறி ஓட ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசுகிறார்கள். மர்ட்டி ஸ்கேனல் சாணம் அள்ளுகிற முட்கவரை நிலத்தில் குத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றார். போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"பெரியவரே, நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்," என்றான் ஜெரோம் கினீலி. நகரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவன். போன தேர்தலில் மாவட்ட மன்றத்துக்கு ஜெயித்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் நல்ல சேதிதான் சொல்கிறான்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. உங்க அண்ணன் ஃப்ளாரி போய் ஐம்பது வருஷம் ஆகுது இல்லையா? அவர நகரத்துக்குக் கொண்டு போறோம். தியாகிகள் வளாகத்துல, கல் சிலுவைக்குக் கீழ. மந்திரி வர்றார். பாண்டு வாத்தியம், துப்பாக்கி மரியாதை எல்லாம் உண்டு."

மர்ட்டி முட்கவரை நிலத்திலிருந்து பிடுங்கினார். "அவன் மேல எங்கம்மா படுத்திருக்கா."

"தெரியும். அவங்கள மரியாதையா ஒரு பக்கமா எடுத்து வச்சிட்டு, அப்புறம் அதே இடத்துல…"

"உங்கம்மாவ ஒரு பக்கமா எடுத்து வச்சுப் பாரேன். எப்படி இருக்குன்னு வந்து சொல்லு."

கினீலி சிரித்தான். ஓட்டுக் கேட்டுப் பழகியவனுக்கு எதற்கும் சிரிக்க வரும்.

"சரி, அவனக் கொண்டு போனா அவளையும் சேத்துக் கொண்டு போவியா?" என்றார் மர்ட்டி.

"அது முடியாது பெரியவரே. அங்க போராளிகளுக்கு மட்டும்தான் இடம். கமிட்டி விதி. அதோட உங்க தங்கச்சி சம்மதிச்சுட்டாங்க. வாரிசுல ஒருத்தர் சொன்னாப் போதுமாம். அமெரிக்காவுலேர்ந்து அவங்களே நேர்ல வர்றாங்க."

கார் போனபிறகு கோழிகள் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

ஃப்ளாரி என்றால் இன்று கார்க் மாவட்டத்தின் மேற்கே யாருக்கும் தெரியும். அவன் பெயரில் ஒரு பந்தாட்டக் கோப்பை இருக்கிறது. ஒரு பாட்டு இருக்கிறது. மதுக்கடையில் கடைசிக் கோப்பை ஊற்றும்போது யாராவது கண்ணை மூடிக்கொண்டு அதை ஆரம்பிப்பார்கள். அந்தப் பாட்டில் ஃப்ளாரி ஒற்றை ஆளாக ஒரு பாலத்தைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் பட்டாளத்தை விடியும்வரை தடுக்கிறான். அப்படிப்பட்ட பாலம் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. மர்ட்டி அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பாடியவன் அவரைப் பொறாமைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அதோடு அவர் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். அவருக்குத் தெரிந்த ஃப்ளாரிக்கு இருபது வயது. பால் கறக்கச் சொன்னால் மாடு உதைக்கும்படி கறப்பான். நடனம் என்றால் எத்தனை மைலும் நடப்பான், அதுவும் தம்பியின் நல்ல பூட்சைப் போட்டுக்கொண்டு. இருவருக்கும் ஒரே கட்டில். குளிர்காலத்தில் ஐஸ் மாதிரி இருக்கும் காலைக் கொண்டுவந்து தம்பியின் முதுகில் வைத்துவிட்டு, "சூடு பண்ணுடா" என்று சிரிப்பான். பிறகு துப்பாக்கி வந்தது. காட்டிலும் வைக்கோல் கொட்டகையிலும் தூங்கப் போனான். கட்டில் முழுதும் மர்ட்டிக்குக் கிடைத்தது. ஒரு விடியற்காலையில் சதுப்பு நிலத்தைக் கடந்து, துணி மாற்ற வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனைப் பட்டாளத்து லாரி பார்த்துவிட்டது. அவ்வளவுதான். அவன் திருப்பிச் சுட்டானா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. பாட்டுக்குத்தான் தெரியும்.

அந்த வட்டாரத்தில் செத்தவன் வீட்டு ஆட்கள் குழி தோண்டுவதில்லை. அது அக்கம்பக்கத்தார் வேலை. அவர்கள் தோண்டுவார்கள், வீட்டார் அவர்களுக்கு விஸ்கி கொடுத்தனுப்புவார்கள். ஆனால் அன்று வாலிபர்கள் பாதிப்பேர் தலைமறைவு, பாதிப்பேர் சிறை. மிச்சமிருந்தவர்கள், கினீலியின் அப்பா உட்பட, ஜன்னல் பலகையைப் போட்டுக்கொண்டு உள்ளே பதுங்கியிருந்தார்கள். பெட்டியைப் பெண்கள் தூக்கினார்கள். குழியை மர்ட்டி தோண்டினார், தன்னந்தனியாக, பதினெட்டு வயதில். மண்ணில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. பதினைந்து வருஷத்துக்குமேல் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் ஆட்களோடு கிடந்தார், முறைப்படி அவள் அங்கேதான் போகவேண்டும். "என்னை ஃப்ளாரிக்கு மேல வை. அவனுக்குக் குளிரும்," என்றாள். அப்படியே வைத்தார். பக்கத்தில் ஓர் ஆள் இடம் மிச்சம். அது தனக்கு என்று மர்ட்டி யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அந்த இடத்தில் நிற்கும்போது ஒருவன் தன் கட்டிலைப் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பார். கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைகுட்டி இல்லை. உயிரோடு இருக்கும்போது யாரும் கூட இல்லாதவனுக்குப் போகிற இடத்திலாவது ஆள் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

தங்கச்சி ஆபி வந்தாள். பதினெட்டு வயதில் கப்பலேறிப் போனவள், இடையில் ஒரே ஒருமுறை, அம்மா சாவுக்குப் பிறகு தாமதமாக வந்துபோனவள். இப்போது நரைக்கு நீலச்சாயம் போட்ட தலைமுடியும் வெள்ளைக் கையுறையுமாக வாடகைக் காரிலிருந்து இறங்கினாள். சமையலறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"அண்ணே, அந்த நாற்காலி இன்னும் இருக்கா!"

"உக்காராத. கால் ஆடும்."

உட்கார்ந்தாள். ஆடியது. அவர் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் போட்டுக் கொடுத்தார். அவள் பாதி சாப்பிட்டு, நாயைப் பார்த்தாள், நாய் அவளைப் பார்த்தது.

"எதுக்குடி சம்மதிச்ச?"

ஆபி கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். விரல்கள் முட்டிமுட்டியாக வீங்கியிருந்தன. நாற்பது வருஷம் இன்னொருத்தர் வீட்டுச் சமையல்கட்டில் இருந்த விரல்கள். "ஸ்பிரிங்ஃபீல்டுல நம்ம ஆளுங்க மன்றம் ஒண்ணு இருக்கு. சுவத்துல ஃப்ளாரி படம். விருந்துன்னா என்னை முன் வரிசையில உக்கார வைப்பாங்க. 'ஃப்ளாரி ஸ்கேனல் தங்கச்சி' அப்படிம்பாங்க. எந்த வீட்டுல நான் பாத்திரம் கழுவுறேன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அது இல்லேன்னா அந்த ஊர்ல நான் யாரு அண்ணே?"

"அதான் படம் இருக்குல்ல. ஆளு எதுக்கு?"

"புல்லு முளைச்சு, பேர் தெரியாத ஒரு மூலையில கிடக்கான். வர்றவங்க கேக்குறாங்க, எங்க இருக்கார்னு. எனக்கு வெக்கமா இருக்கு."

"மூலையில கிடக்கறது நல்லாத்தான் இருக்கு. நானும் மூலையிலதான் கிடக்கேன்."

"நீ ஊர விட்டுப் போகவே இல்லியே," என்றாள் ஆபி. அவள் அதைக் குறையாகச் சொன்னாளா, வேறு விதமாகவா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவர் எழுந்து பசுக்களைப் பார்க்கப் போனார்.

சனிக்கிழமை டைக் லார்டன் வந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கத்து அயல்வீட்டுக்காரன். அந்தப் பங்குக் கோயிலில் குழி என்றால் அவனும் அவன் தம்பியும்தான் தோண்டுவார்கள். அவன் பழையபடி வந்தான். நாயைத் தட்டினான். மழையைத் திட்டினான். தன் மாட்டுக்கு மடி வீங்கியிருப்பதைப் பற்றி நெடுநேரம் பேசினான். எழுந்து கதவில் கையை வைத்தான்.

"திங்கக்கிழமை தோண்டணுமாம், கினீலி சொல்றான். மந்திரிக்கு அன்னிக்குத்தான் ஒழியுதாம்."

"ம்."

"திங்கக்கிழமை நாங்க குழி திறக்கறதில்ல அண்ணே. உங்களுக்குத் தெரியும். எங்க அப்பன் திறந்ததில்ல, அவரு அப்பனும் திறந்ததில்ல. முந்தின நாளே அந்த வீட்டு ஆளு ஒருத்தர் போயி ஒரு கட்டி மண்ணு, புல்லோட, வெட்டிப் புரட்டிப் போட்டிருக்கணும். அப்ப குழி ஞாயித்துக்கிழமையே திறந்த கணக்கு. இல்லேன்னா நான் மண்வெட்டிய எடுக்கமாட்டேன், மந்திரி இல்ல, போப்பாண்டவரே வந்தாலும் சரி. கினீலிகிட்ட சொன்னேன். மூடநம்பிக்கைன்னான். அப்ப நீயே தோண்டுடா, உங்கடையில எத்தனையோ மண்வெட்டி இருக்குல்லன்னேன்."

மர்ட்டி வெகுநாள் கழித்துச் சிரித்தார். இருமல் வந்து நிற்கும்வரை சிரித்தார். வீட்டு ஆள் என்றால் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் போதும். பாண்டும் மந்திரியும் துப்பாக்கியும் கல்லறை வாசலில் நின்று வெயில் காய்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

ஆனால் வீட்டு ஆள் இன்னொருத்தியும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபமாலை சொல்லிமுடித்ததும் ஆபி மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். கொட்டகைக்குப் போனாள். காலால் அமுக்கி வெட்டும் நீளக்காம்பு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, குதிகால் செருப்போடு சரிவில் இறங்கினாள். மர்ட்டி ஜன்னலிலிருந்து பார்த்தார். விழுவாள் என்று நினைத்தார். விழவில்லை. கணப்பில் கரிமண் கட்டி ஒன்றைப் போட்டார். அது பிடித்து எரிவதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆபி அம்மாவின் கல்லுக்கு முன் நின்றுகொண்டு மண்வெட்டியைக் குத்திக்கொண்டிருந்தாள். கால் வைக்கும் இடத்தில் செருப்பு வழுக்கியது. தகடு புல்லைச் சீய்த்ததே தவிர உள்ளே போகவில்லை. அவர் சுவரோரம் நின்று பார்த்தார். பேசாமல் இருந்தால் அவள் தோற்றுவிடுவாள். அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முழங்காலிட்டு, வீங்கிய விரல்களால் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"கையால பிடுங்கினா கணக்கு இல்ல," என்றார்.

அவள் திரும்பவில்லை. "உனக்கென்ன அண்ணே. அம்மா கடைசி மூச்சு வரைக்கும் உன்கூட இருந்தா. ஃப்ளாரி வாராவாரம் உன்கூட இருந்தான். எனக்கு ஒரு படம், ஒரு பாட்டு. நான் செத்தா அங்க ஒரு வாடகைக் குழியில போடுவாங்க, ரெண்டு பக்கமும் யாரோ. இவனாவது எல்லாரும் பாக்கற எடத்துல இருந்தா… எங்க வீட்ல ஒருத்தன் இருந்தான்னு…" வாக்கியம் முடியவில்லை. கையில் இருந்த புல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

பதில் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. இந்த ஐம்பது வருஷமும் சேர்த்துவைத்தது. அதில் ஒன்றுகூட முழங்காலில் இருக்கும் கிழவியிடம் சொல்கிற மாதிரி இல்லை. அவர் மண்வெட்டியை எடுத்து, காலை வைத்து, நான்கு பக்கமும் வெட்டி, ஒரு கட்டியைப் பெயர்த்து, புல் கீழேயும் மண் மேலேயுமாகப் புரட்டிப் போட்டார். உள்ளே மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"அம்மாவ கமிட்டிக்காரன் எவனும் தொடக்கூடாது. டைக்தான் தூக்கணும். போய்ச் சொல்லு."

"சொல்றேன் அண்ணே."

"சரின்னு நினைச்சு நான் இதப் பண்ணல."

"தெரியும்."

திங்கட்கிழமை காலையில் குழியைச் சுற்றிக் கித்தான் கட்டினார்கள். சுகாதார அதிகாரி காற்றுக்கு மேல்பக்கமாக நின்று சிகரெட் பிடித்தபடி, சீக்கிரம் ஆகட்டும் என்றார். வாசலில் பாண்டுக்காரர்கள் ஊதுகுழல்களிலிருந்து எச்சிலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கித்தானுக்குள்ளே டைக், அவன் தம்பி, மர்ட்டி மூன்றுபேர் மட்டும். குழி தோளளவு ஆனதும் டைக்கின் மண்வெட்டி நின்றது. பிறகு கையால் தோண்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

"அண்ணே," என்றான் டைக் மெல்ல. "இங்க வந்து பாருங்க."

மர்ட்டி விளிம்பில் குனிந்தார். மேல் பெட்டியும் இல்லை, கீழ்ப் பெட்டியும் இல்லை. ஈரம் இரண்டையும் எப்போதோ தின்றுவிட்டது. அம்மா இறங்கியிருந்தாள். அடிப்பலகை இற்று, கீழே இருந்தவனின் மூடி இற்று, அவள் அவனுக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருந்தாள். எலும்புகள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். அவள் கையில் சுற்றிவிட்ட ஜெபமாலையின் மணிகள் அங்கும் இங்குமாகக் கிடந்தன. அவை யாருடைய விரல்களுக்கு நடுவில் கிடந்தன என்று சொல்ல முடியாது.

"எது யாருன்னு தெரியல," என்றான் டைக்கின் தம்பி.

"என்னப்பா ஆச்சு உள்ள?" வெளியிலிருந்து கினீலியின் குரல். "மந்திரி கார் வந்தாச்சு!"

டைக் நிமிர்ந்து குரலைத் தாழ்த்தினான். "நீளமா இருக்கறத மட்டும் பொறுக்கி அவங்க பெட்டியில வச்சுடவா? மிச்சத்த இங்கேயே மூடிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது? உங்களுக்கும் கொஞ்சம் இருக்கும்."

உங்களுக்கும் கொஞ்சம் இருக்கும். மர்ட்டி அதை விரும்பினார். மறைத்துப் பேச அவருக்கு வராது, தன்னிடம்கூட வராது. அதை அவர் மிகவும் விரும்பினார். இவனில் பாதியும் அவளில் பாதியும் இங்கே. தான் வந்து பக்கத்தில் படுக்கும்போது முழுசாக இல்லாவிட்டாலும் யாரோ இருப்பார்கள். அங்கே நகரத்தில் சிலுவைக்குக் கீழே இன்னொரு பாதி. அம்மாவின் ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே. அவனுக்குக் குளிரும் என்றவள். இத்தனை வருஷமாக ஒருவரும் பார்க்காத இருட்டில், கொஞ்சம் கொஞ்சமாகப் பலகைகளைத் தாண்டி அவனிடம் போய்ச் சேர்ந்தவள்.

"எல்லாத்தையும் வை," என்றார்.

"அம்மாவையுமா?"

"பிரிக்காத."

டைக் அவரையே பார்த்தான். "போராளிகளுக்கு மட்டும்தான்னு கமிட்டி…"

"கமிட்டிகிட்ட யாரு கேட்டா?"

"அப்ப உங்களுக்கு, அண்ணே?"

"எனக்கென்ன. குழி பெருசாத்தான் இருக்கு."

டைக்கும் அவன் தம்பியும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். பிறகு வேலை செய்தார்கள். புது ஓக் பெட்டிக்குள் ஒன்றைக்கூட விடாமல், மண்ணைத் தட்டித் தட்டி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல அடுக்கினார்கள். மணிகளையும் தேடித்தேடிப் போட்டார்கள். மூடியை முடுக்கும்போது மர்ட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கமிட்டிக்காரர்கள் ஆறுபேர் வந்து கொடியைப் போர்த்தித் தோளில் தூக்கினார்கள். கனத்தில் ஒருவனுக்கு முழங்கால் மடிந்தது.

"அடேங்கப்பா. ஃப்ளாரி நல்ல வாட்டசாட்டமான ஆளுதான் போல."

"அந்தக் காலத்து உடம்புடா," என்றான் கினீலி பெருமையாக. "நம்மள மாதிரியா?"

ஃப்ளாரி ஒல்லிப்பிச்சான். இடுப்பில் வார் நிற்காது. டைக் குனிந்து பூட்சில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினான். அவன் தோள் குலுங்கியது. அது சிரிப்பா வேறேதுமா என்று தெரியவில்லை.

பாண்டு ஆரம்பித்தது. கூட்டம் சாலையில் திரண்டது. கறுப்பு அங்கியில் ஆபி பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நின்றாள். முதுகு நேராக இருந்தது. மன்றத்தில் முன்வரிசையில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் போல. அவள் யார் பின்னால் நடக்கப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லலாமா என்று அவர் பக்கத்தில் போனார்.

"வா அண்ணே. என்கூட நட."

"மாடு கறக்கணும்."

"மேடையில உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கு பெரியவரே!" என்று கினீலி முன்னாலிருந்து கூவினான்.

"உக்காந்தா எனக்கு எந்திரிக்க முடியாது. அதுல நீ உன் தொப்பிய வை."

ஆபி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "இப்பவாவது சரின்னு தோணலையா அண்ணே? பாரு, எவ்வளவு சனம்."

அவர் பார்த்தார். சனம் இருந்தது. பட்டாளத்து லாரி வந்த அன்று இதில் பத்தில் ஒரு பங்கு வந்திருந்தால் அவர் தனியாகக் குழி தோண்டியிருக்க வேண்டாம். இன்று துப்பாக்கி வானத்தைப் பார்த்துச் சுடும், யாருக்கும் படாது. அதனால் வந்திருக்கிறார்கள். இருந்தாலும் அவள் கையைத் தட்டிவிடவில்லை. அவளாக விடும்வரை நின்றார்.

"இல்ல," என்றார். "தோணல."

கூட்டம் நகரத்துப் பக்கம் இறங்கியது. அவர் அதற்கு எதிராக, வீடு இருக்கும் நாக்ரோ மேட்டுப் பக்கம் ஏறினார். தாமதமாக வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் சட்டையோடு எதிரே ஓடிவந்தார்கள். சிலர் அவரை அடையாளம் கண்டு தொப்பியைத் தொட்டார்கள். சிலர் ஊர்வலம் எந்தப் பக்கம் என்று அவரிடமே வழி கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினார். மேட்டின் பாதியில் மூச்சு வாங்க நின்றபோது காற்று திரும்பி, பாண்டுச் சத்தம் ஒருகணம் பக்கத்தில் கேட்டது, பிறகு இல்லை. கீழே கல்லறைத் தோட்டத்தில் கித்தானைப் பிரித்துவிட்டு டைக்கும் அவன் தம்பியும் குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். அள்ளிப்போட்ட மண் அத்தனையும் போட்டும் குழி நிறையவில்லை போல. டைக் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனான். அங்கே குனிந்து வெட்டினான். கொண்டுவந்து கொட்டினான். மறுபடி போனான்.

மர்ட்டி திரும்பி ஏற ஆரம்பித்தார்.